வீட்டு அறையில் பொப் பாட்டுப் பதிவு: யாழ்ப்பாணத்துக்கான முழுமையான வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில் பாட்டுச் செய்யும் இளையவர்களில் பலர் இப்போது வீட்டிலேயே செய்கிறார்கள். ஒரு லப்டொப், மைக்கை லப்டொப்போடு இணைக்கும் ஓடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று, ஒரு மைக், காதை மூடும் ஹெட்போன், இவ்வளவும் இருந்தால் முழுப் பாட்டொன்றை முடித்துவிடலாம். ஆனால் முதல் வரியிலேயே "இது வீட்டில் எடுத்தது" என்று காட்டிக்கொடுக்கும் பாட்டுகளில் கோளாறு பெரும்பாலும் மைக்கில் இருப்பதில்லை. வெறும் சீமெந்துச் சுவரில் குரல் முட்டித் திரும்பி, அதுவும் சேர்ந்து பதிவாகியிருக்கும். குரலோடு ஒட்டிப்போன எதிரொலியை எந்த மென்பொருளாலும் முழுதாகப் பிரித்தெடுக்க முடியாது. அதனால் இந்த வழிகாட்டியில் பெரும்பகுதி கலவைக்கு (பதிந்த ஒலிகளை அளவாகச் சேர்க்கும் மிக்ஸிங் வேலைக்கு) முந்திய வேலைகளைப் பற்றியது.

படி 1: கட்டையையும் (பாட்டின் சுருதி உயரத்தையும்) தாளத்தையும் முதலில் தீர்மானியுங்கள்

பாட்டில் மிக உயரத்துக்குப் போகும் வரியை எடுத்து, பாடகரைத் தொடர்ந்து 5 தடவை முழுக்குரலில் பாடவிடுங்கள். ஐந்தாவது தடவை கழுத்து நரம்பு புடைத்தால் அரைக் கட்டையோ ஒரு கட்டையோ இறக்குங்கள். பதிவு நாளில் அந்த வரியைக் குறைந்தது பத்துத் தடவையாவது பாடவேண்டி வரும். இசை முழுவதையும் அடுக்கிய பிறகு கட்டையை மாற்றினால் கீபோர்ட் பகுதிகளை எளிதாக மாற்றலாம், வாசித்துப் பதிந்த கிற்றாரைத் திரும்ப வாசிக்கத்தான் வேண்டும்.

நாதஸ்வரம் சேர்க்கும் எண்ணம் இருந்தால் இந்தப் படி இன்னும் முக்கியம். இணுவில் பக்கம் நல்ல நாதஸ்வர, தவில் கலைஞர்கள் இருக்கும் ஊரில், கணினியில் கிடைக்கும் செயற்கை நாதஸ்வர ஒலியைப் பாவிக்கத் தேவையில்லை. ஆனால் நாதஸ்வரத்தின் சுருதி கீபோர்ட்டைப்போல நினைத்த மாதிரி ஏறி இறங்காது. கோயிலில் வாசிக்கும் நாயனங்கள் பெரும்பாலும் 2 அல்லது 2½ கட்டையில் இருக்கும். கீபோர்ட் கணக்கில் 1 கட்டை ‘சி’, 2 கட்டை ‘டி’, 2½ ‘டி ஷார்ப்’, 4 ‘எஃப்’, 5 ‘ஜி’. கலைஞரிடம் கட்டையைக் கேட்டுவிட்டுப் பாட்டின் சுருதியை அதற்குப் பொருந்த வையுங்கள். அவர் வந்து நின்ற பிறகு "அண்ணை, அரைக் கட்டை கூட்ட ஏலுமோ?" என்று கேட்கும் நிலைமை வரக்கூடாது.

தாளத்தில் ஒன்றே ஒன்று. பைலா நடையில் பாட்டுச் செய்தால் மென்பொருளில் 6/8 என்று வைத்துத் தொடங்குங்கள். 4/4 இல் விட்டுவிட்டால் தாளம் காட்டும் கிளிக் ஒலி ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம் போகும். பிறகு வெட்டி ஒட்டும் ஒவ்வொரு இடமும் தடுக்கும்.

படி 2: ஊர் அடங்கும் நேரம்

விடியப்புறம் அமைதியாக இருக்கும் என்று நம்பி எழும்பாதீர்கள். ஐந்து மணியிலிருந்து காகமும் குயிலும், அதோடு கோயில் ஒலிபெருக்கி, கொஞ்சம் பொறுத்துப் பாண் முச்சக்கரவண்டியின் மெட்டு. பக்கத்து வளவில் கிணற்று மோட்டர் போட்டால் அதன் உறுமல் சுவராலும் வரும், வயராலும் வரும். திருவிழாக் காலம் என்றால் ஊர்க் கோயில் நாட்காட்டியைப் பார்த்துத்தான் நாள் குறிக்கவேண்டும். நல்லூர்த் திருவிழா 25 நாள் நடக்கும். அந்தச் சுற்றாடலில் வீடென்றால் அந்த நாட்களைக் கலவை வேலைக்கு ஒதுக்குங்கள்.

வேலைநாள் மதியம் 1 மணி முதல் 3 மணி வரையும், இரவு 10 மணிக்குப் பிறகும் ஓரளவு நம்பலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் இரவு முழுக்கத் தவளை கத்தும். அந்த மாதங்களில் மதியமே நல்லது. சுவரில் பல்லி இருந்தால் பதிவு தொடங்கும் முன் விரட்டிவிடுங்கள். அது சொல்லும் ஒரு ‘ச்சு’ சரியாக மென்மையான வரியில்தான் விழும்.

ஃபானை நிறுத்தியாக வேண்டும். ஃபான் காற்று மைக்கின் தகட்டை நேரே தள்ளி, காதுக்கு உடனே பிடிபடாத ஒரு குமுறலைக் குரலின் அடியில் சேர்க்கும். பிறகு சத்தத்தை இறுக்கும்போது அது எழும்பி வரும். அறையை முதலில் அரை மணி நேரம் ஃபான் போட்டுக் குளிர்த்துங்கள். பிறகு 15 நிமிடம் பதிவு, 5 நிமிடம் ஃபான் என்று மாறி மாறிப் போங்கள். வேர்த்து ஒழுகும் பாடகர் அவசரப்படுவார், அந்த அவசரம் குரலில் கேட்கும். ஃபிரிட்ஜையும் அந்த நேரத்துக்கு நிறுத்துங்கள். திரும்பப் போட மறக்காமலிருக்க, காரின் அல்லது மோட்டர் சைக்கிளின் திறப்பை அதற்குள் வைத்துவிடுவது நல்ல வழி.

படி 3: அறையைச் செத்த அறையாக்குவது

அறையின் நடுவில் நின்று ஒரு தரம் பலமாகக் கைதட்டுங்கள். ‘டர்ர்’ என்று உலோகச் சத்தம்போல ஒரு வால் வந்தால், எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஒலி பந்துபோல அடிபடுகிறது என்று அர்த்தம். டைல்ஸ் நிலம், சிலாப் கூரை, வெறும் சுவர் உள்ள புது வீடுகளில் இது கட்டாயம் இருக்கும். ஓட்டுக் கூரையும் உயர்ந்த முகடும் உள்ள பழைய வீட்டு அறைகளில் இந்த வால் குறைவு, ஆனால் ஓட்டு இடுக்கால் வெளிச்சத்தம் கூட வரும். இரண்டு வகை அறையும் இருந்தால் சிறிய யன்னல் உள்ள அறையைத் தெரிவுசெய்யுங்கள்.

இப்போது பெரும்பாலானவர்கள் விடும் பிழை. மைக்குக்குப் பின்னால் இருக்கும் சுவரில் நுரை ஒட்டுகிறார்கள். கார்டியோயிட் மைக் தன் முன்பக்கத்தைத்தான் நன்றாகக் கேட்கும், முதுகுப்பக்கத்தைக் கேட்பது மிகக் குறைவு. அப்படியானால் அது நேரே பார்த்துக்கொண்டிருப்பது எதை? பாடகரையும், பாடகருக்குப் பின்னால் உள்ள சுவரையும். மெத்தை நிற்க வேண்டிய இடம் அந்தச் சுவர்தான்.

ஒரு தும்பு மெத்தையைப் பாடகரின் முதுகுக்குப் பின்னால் நிமிர்த்தி வையுங்கள். சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் இடைவெளி விட்டால் கீழ்ச்சுரங்களையும் கொஞ்சம் கூட உறிஞ்சும். இன்னொரு மெத்தை இருந்தால் பக்கச் சுவரில், முதலாவதோடு ‘ட’ வடிவில் சேர்த்து வையுங்கள். காலடியில் தடித்த விரிப்பு. தலைக்கு மேலே கொடி கட்டி ஒரு போர்வை. சாறிகள் நிறைந்த அலுமாரி இருந்தால் கதவைத் திறந்து, அதைப் பாடகரின் பின்பக்கமாக வைத்தால் அதுவே அரை மெத்தைக்குச் சமம். எல்லாம் வைத்து முடிந்ததும் திரும்பக் கைதட்டுங்கள். சத்தம் ‘டப்’ என்று அந்த இடத்திலேயே விழுந்தால் போதும்.

முட்டைத் தட்டு ஒட்டுவது வீண். காகித அட்டைக்கு உறிஞ்சும் தடிப்பு இல்லை. ஒரு அங்குல நுரைத் தகடும் மேல்சுரங்களை மட்டும்தான் தின்னும். குரலின் கூர்மை போய்விட்டு, 200 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கும் குடத்துக்குள் கதைக்கும் ஒலி அப்படியே கிடக்கும். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை ஏறத்தாழ 3.4 மீற்றர் நீளம். அதை ஓர் அங்குலத்தால் பிடிக்க முடியாது. இதே காரணத்தால் அறையின் சரி நடுவிலோ மூலையிலோ நின்று பாடவும் கூடாது. சில சுரங்கள் அங்கே திடீரென்று பெருக்கும், சில காணாமல் போகும்.

படி 4: கரண்டும் எர்த்தும்

எதுவும் பாடாமலே ஹெட்போனில் ‘ம்ம்ம்’ என்று கேட்டால் அது 50 ஹெர்ட்ஸ் கரண்டின் இரைச்சலும் அதன் மடங்குகளும். முதல் வேலையாக லப்டொப்பின் சார்ஜரைக் கழற்றி பற்றரியில் ஓடவிடுங்கள். இரைச்சல் நின்றால் பிழை எர்த்தில். பழைய வட்டப் பின் பிளக்கிலிருந்து இரண்டு பின் மாற்றி போட்டு இழுத்த இணைப்புகளில் எர்த் வயர் இணைந்தே இருக்காது. எல்லாக் கருவிகளையும் எர்த் உள்ள ஒரே மூன்று பின் பிளக்கிலிருந்து, ஒரே எக்ஸ்டென்ஷனில் எடுங்கள். இரைச்சலை நிறுத்த எர்த் பின்னைக் கழற்றிவிடும் பழக்கம் உயிருக்கு ஆபத்து. மைக்கின் உலோகம் உதட்டைத் தொடும் தூரத்தில் இருக்கிறது.

மைக் வயரும் கரண்ட் வயரும் பக்கத்தில் பக்கத்தில் ஓடக்கூடாது. குறுக்கே போகவேண்டி வந்தால் செங்கோணமாகக் கடக்கட்டும். கைபேசியை விமானப் பயன்முறையில் போடுங்கள்.

படி 5: மைக்கும் தூரமும்

அறை நன்றாக அடங்கிவிட்டால் கொன்டென்சர், அடங்காவிட்டால் டைனமிக். கொன்டென்சர் நுணுக்கமாகக் கேட்கும், அதே நுணுக்கத்தோடு பக்கத்து வீட்டு நாயையும் கேட்கும். ஷூர் எஸ்எம்58 போன்ற டைனமிக் மைக்கை வாய்க்கு 5 முதல் 8 சென்ரிமீற்றரில் வைத்துப் பாடினால், மெத்தை குறைந்த அறையிலும் சுத்தமான குரல் கிடைக்கும். கொன்டென்சருக்கு 48 வோல்ற் பான்டம் பவர் (இன்டர்ஃபேஸ் மைக் வயர் வழியாகக் கொடுக்கும் மின்சாரம்) தேவை. மைக்கை இணைத்த பிறகு போடுங்கள், கழற்றும் முன் நிறுத்துங்கள்.

கொன்டென்சர் என்றால் வாய்க்கும் மைக்குக்கும் 15 முதல் 20 சென்ரிமீற்றர். கையின் பெருவிரலையும் சின்னவிரலையும் விரித்தால் வரும் ஒரு சாண் கிட்டத்தட்ட அந்தத் தூரம்தான். ஒவ்வொரு தடவை பாடும் முன்னும் பாடகரையே அளந்து பார்க்கச் சொல்லுங்கள். கிட்டப் போகப் போகக் கீழ்ச்சுரம் தடித்துக்கொண்டு வரும். ஒரு வரியில் கிட்டவும் அடுத்ததில் தள்ளியும் நின்றால் இரண்டு பேர் பாடியதுபோல் இருக்கும். நிலத்தில் ஒட்டுநாடாவால் காலுக்கு ஒரு கோடு போட்டுவிடுங்கள்.

பொப் ஃபில்டர் (‘ப’ ஒலியின் காற்றைத் தடுக்கும் வலை) மைக்கிலிருந்து 5 சென்ரிமீற்றருக்குக் குறையாமல் நிற்கவேண்டும். அது கையில் இல்லாவிட்டால் எம்பிராய்டரி வளையத்தில் நைலோன் காலுறையை இரண்டு மடிப்பாக இழுத்துக் கட்டுங்கள், அதே வேலையைச் செய்யும். அப்படியும் ‘ப’ வெடித்தால் மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் 20 பாகை பக்கமாகத் திருப்புங்கள். காற்று ஒரு பக்கம் போகும், குரல் மைக்குக்குள் போகும்.

லப்டொப்பை மைக்கின் முதுகுப் பக்கமாக ஒன்றரை மீற்றர் தள்ளி வையுங்கள். வேலை முடிந்ததும் கொன்டென்சரைத் திறந்தபடி விடாதீர்கள். நம் கடற்காற்றிலும் மழைக்கால ஈரத்திலும் தகட்டில் ஈரம் பிடித்தால் ‘பட் பட்’ என்று பொரியும். காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். பொரிந்தால் ஹெயார் ட்ரையர் பிடிக்காமல் அந்தப் பெட்டியிலேயே ஓர் இரவு உலரவிடுங்கள்.

நாதஸ்வரத்துக்கு இந்தத் தூரங்கள் எதுவும் பொருந்தாது. அணைசுக்கு (குழலின் விரிந்த வாய்க்கு) நேரே மைக்கை நீட்டினால் ஒலி கிழியும். ஒரு மீற்றருக்கு மேல் தள்ளி, குழலின் விரல் துளைகளைப் பார்த்தபடி வையுங்கள். மைக்கில் −10 டெசிபல் பாட் (ஒலியளவைக் குறைக்கும் சுவிட்ச்) இருந்தால் போடுங்கள். தவிலுக்கு இரண்டு மைக். விரல்களால் வாசிக்கும் வலந்தலைக்கு ஒன்று, கழி விழும் தொப்பிப் பக்கத்துக்கு ஒன்று. இரண்டையும் பதிந்துவிட்டு மென்பொருளில் ஒன்றின் பொலாரிட்டியை (ஒலி அலையை மேல்கீழாக) திருப்பிக் கேளுங்கள். எந்த நிலையில் தொப்பியின் அடி தடிப்பாக வருகிறதோ அதுதான் சரி. பார்க்காமல் விட்டால் இரண்டு மைக்கும் ஒன்றையொன்று தின்று, தவில் தகரம்போல ஒலிக்கும்.

படி 6: அளவுகள்

மென்பொருளில் பதிவின் தரத்தை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று வையுங்கள். பாட்டின் உச்ச வரியை முழுக்குரலில் பாடச் சொல்லி, மீற்றரின் உச்சி −12 முதல் −8 டெசிபலுக்குள் விழும்படி இன்டர்ஃபேஸின் கெயின் குமிழைத் திருப்புங்கள். ஒத்திகையைவிட உண்மையான பதிவில் எல்லோரும் கூடச் சத்தமாகத்தான் பாடுவார்கள், அந்த இடைவெளி அதற்காக. சிவப்பு எரிந்து கிழிந்த குரலைத் தைக்க முடியாது. சத்தம் குறைந்த குரலை 24 பிட்டில் தாராளமாக உயர்த்தலாம்.

பஃபர் (லப்டொப் ஒலியை ஒரு தரத்தில் கையாளும் துண்டின் அளவு) 128 சாம்பிள். 48 கிலோஹெர்ட்ஸில் அது 2.7 மில்லிசெக்கன், போய்வரும் கணக்கில் இரண்டு மடங்கும் சற்று மேலும். லப்டொப் திணறி ‘கிர்’ என்றால் 256க்கு ஏற்றிவிட்டு, இன்டர்ஃபேஸிலுள்ள, குரலை லப்டொப்புக்குப் போகாமலே ஹெட்போனுக்குத் தரும் டிரெக்ட் மொனிட்டரைப் பாவியுங்கள். புளூடூத் ஹெட்போன் பதிவுக்கு உதவாது. தன் குரல் தனக்கே பிந்திக் கேட்டால் தாளத்தில் நிற்க எவராலும் முடியாது.

படி 7: பாடவைப்பது

முதலில் நிறுத்தாமல் முழுப் பாட்டையும் 3 தடவை. பிறகுதான் வரி வரியாக. முழுதாகப் பாடும்போது வரும் உணர்ச்சி துண்டு துண்டாக எடுக்கும்போது வராது. ஒவ்வொரு தடவையையும் வேறு ட்ராக்கில் வையுங்கள், எதையும் அன்றைக்கே அழிக்காதீர்கள். ஹெட்போனில் கிளிக் தேவைக்கு மேல் சத்தமாக இருந்தால் மென்மையான வரிகளில் அது மைக்கில் ஒழுகும். ஒரு காதைத் திறந்துவைத்துப் பாடும் பழக்கம் உள்ளவர்களிடம் இது கட்டாயம் நடக்கும்.

தமிழில் பாடவைப்பவர் காது கொடுத்துக் கேட்கவேண்டிய இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று குறில் நெடில். மெட்டு நீள்கிறது என்பதற்காகக் குறிலை இழுத்தால் மலை மாலையாகும், படு பாடாகும். அந்த இடத்தில் சொல்லை மாற்றுங்கள், அல்லது நீட்டலை அடுத்த நெடிலுக்குத் தள்ளுங்கள். இரண்டாவது ‘ற்ற’. காற்று, நேற்று என்பவற்றை எங்கள் ஊரில் நுனிநாக்கை அண்ணத்தில் அழுத்திச் சொல்வோம். சினிமாப் பாட்டுக் கேட்டு வளர்ந்த வாய்க்கு அதிலே ‘ர’ சேர்ந்த உச்சரிப்பு வந்துவிடும். எதுவும் சரி, ஆனால் ஒரு பாட்டில் ஒன்றுதான். கோரஸை இரட்டிப்பாக எடுக்கும்போது பிரதானக் குரல் ஒருவிதமாகவும் இரட்டிப்பு மற்றவிதமாகவும் சொன்னால் அந்தச் சொல் மங்கிவிடும். கேட்பவருக்குக் காரணம் பிடிபடாது, பாட்டுத் தெளிவில்லை என்று மட்டும் தோன்றும். எங்கள் ஊர்ப் பாட்டை எங்கள் ஊர் நாக்கிலேயே பாடினால் அதற்கு ஒரு தனி முகம் கிடைக்கிறது என்பது எங்கள் அபிப்பிராயம்.

இரட்டிப்புக் குரல்களை இடமும் வலமுமாக விரித்து, பிரதானக் குரலைவிட 8 முதல் 10 டெசிபல் கீழே வையுங்கள். அவற்றில் வரிக் கடைசியின் ‘ட்’, ‘க்’, ‘ச’ ஒலிகளைக் கொஞ்சம் மழுக்கியே பாடச் சொல்லுங்கள். மூன்று ‘ட்’ மூன்று நேரத்தில் விழுந்தால் கல் எறிந்ததுபோல் கேட்கும்.

எழும்ப முன் எவரும் அசையாமல் 10 செக்கன் வெறும் அறையையும் பதியுங்கள். வெட்டி ஒட்டும் இடைவெளிகளை நிரப்ப அது உதவும்.

படி 8: கலவை

நன்றாக எடுத்த குரலுக்கு இங்கே வேலை குறைவு. ஆண் குரலுக்கு 80 ஹெர்ட்ஸுக்கும் பெண் குரலுக்கு 100 ஹெர்ட்ஸுக்கும் கீழே வெட்டுங்கள். 200 முதல் 400 ஹெர்ட்ஸுக்குள் குடத்து ஒலி மிஞ்சியிருந்தால் 2, 3 டெசிபல் இறக்குங்கள். கொம்பிரசர் (சத்தமான இடங்களை அடக்குவது) 3:1, அட்டாக் 10 மில்லிசெக்கன், ஊசி 4 முதல் 6 டெசிபல் வரை அசைந்தால் போதும். ‘ச’, ‘ஸ’ குத்தினால் 5 முதல் 8 கிலோஹெர்ட்ஸில் அதை அடக்கும் டீ-எஸ்ஸர். ரிவேர்பில் (அறை எதிரொலி சேர்ப்பதில்) 20 முதல் 40 மில்லிசெக்கன் பிரீடிலே, அதாவது எதிரொலி தொடங்கும் முன் இடைவெளி, வைத்தால் சொல் முன்னாலும் எதிரொலி பின்னாலும் நிற்கும். டிலேக்கு (சொல்லைத் திருப்பிச் சொல்லும் எதிரொலிக்கு) 60,000ஐப் பாட்டின் வேகத்தால், அதாவது நிமிடத்துக்கு எத்தனை அடி (பிபிஎம்) என்பதால், வகுங்கள். 96 பிபிஎம் பாட்டுக்கு 625 மில்லிசெக்கன்.

கேட்டுப் பார்ப்பது ஹெட்போனில் மட்டும் வேண்டாம். இடம் வலம் இரண்டையும் ஒன்றாக்கி மொனோவில் ஒரு தடவை, கைபேசியின் சின்ன ஸ்பீக்கரில் ஒரு தடவை, முச்சக்கரவண்டியில் ஒரு தடவை. ஓடும் வண்டியின் இரைச்சலுக்கு மேலாகச் சொற்கள் விளங்கினால் குரலின் அளவு சரி.

ஸ்பொட்டிஃபை வழமையாகப் பாட்டுகளை −14 லஃப்ஸ் (பாட்டின் மொத்தச் சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குக் கொண்டுவந்து ஒலிக்கவிடும். அதைவிட அமுக்கிச் சத்தமாக்கினாலும் அங்கே இறக்கிவிடுவார்கள், அமுக்கியதால் போன துடிப்பு மட்டும் திரும்பி வராது. ட்ரூ பீக் (ஒலியின் உண்மையான உச்சி) −1 டெசிபல். −14ஐவிடச் சத்தமாக மாஸ்டர் செய்தே ஆகவேண்டும் என்றால் −2.

படி 9: வெளியீடு

பாட்டை ஏற்றும் முன் ஒரு தாளில் யார் எழுதினார், யார் மெட்டமைத்தார், யாருக்கு எத்தனை வீதம் என்று எழுதி எல்லோரும் கையொப்பமிடுங்கள். நண்பர்களுக்குள் எதற்கு என்று தோன்றும் நாளில்தான் இதை எழுத வேண்டும். இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, பதிவு செய்யாமலே படைத்தவருக்கு உரிமை உண்டு. அது அவர் வாழ்நாளும் அதற்குப் பிறகு 70 ஆண்டும் நீடிக்கும். அதனால் 1970களின் நம் பொப்பிசைப் பாட்டுகளைப் ‘பழைய பாட்டுத்தானே’ என்று அனுமதியில்லாமல் எடுத்துப் பாடி வெளியிட முடியாது.

இணையத்தில் வாங்கிய பீட் (ஆயத்தமாகச் செய்து விற்கும் பின்னணி இசை) என்றால் உரிமத்தை வாசியுங்கள். பிரத்தியேகம் இல்லாத பீட்டில் அதே இசையை இன்னும் பலர் வைத்திருப்பார்கள். அப்படியான பாட்டை யூடியூப் கொன்டென்ட் ஐடியில் (வீடியோக்களில் உரிமையுள்ள பாட்டுகளைத் தானாகக் கண்டுபிடிக்கும் முறையில்) சேர்த்தால் உரிமைக் கோரிக்கைகள் ஒன்றோடொன்று மோதி உங்கள் பாட்டே முடங்கும்.

விநியோகஸ்தருக்கு (பாட்டை ஸ்பொட்டிஃபை போன்ற தளங்களில் ஏற்றிவிடும் சேவைக்கு) கொடுக்க வேண்டியவை: வேவ் கோப்பு, 3000க்கு 3000 பிக்செல் சதுரப் படம், மொழி ‘தமிழ்’ என்ற தெரிவு, எழுதியவர்களின் முழுப் பெயர்கள். ஒவ்வொரு பதிவுக்கும் 12 எழுத்திலக்கமுள்ள ஐஎஸ்ஆர்சி இலக்கம் (பதிவின் அடையாள இலக்கம்) கிடைக்கும், குறித்து வையுங்கள். விநியோகஸ்தரை மாற்றினாலும் அதே இலக்கத்தைக் கொடுத்தால்தான் கேட்ட கணக்குத் தொடரும். கலைஞர் பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலை முதல் பாட்டிலேயே முடிவுசெய்யுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் புதிய பக்கம் திறந்து கேட்பவர்கள் இரண்டாகப் பிரிவார்கள். இங்குள்ள வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பும் வழி இருக்கிறதா என்று கட்டணம் கட்டும் முன் பாருங்கள்.

வெளியீட்டு நாளை 3, 4 கிழமை தள்ளி வையுங்கள். ஸ்பொட்டிஃபையின் பட்டியல்களுக்குப் பாட்டைப் பரிந்துரைக்க, வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாள் முன்பே அனுப்பியிருக்க வேண்டும். அங்கே முந்திய 12 மாதத்தில் 1,000 தடவைக்குக் குறைவாக ஒலித்த பாட்டுக்குப் பதிவு ராயல்டி சேராது. ஆறு பாட்டை ஒரே நாளில் கொட்டுவதைவிட ஒவ்வொன்றாக விடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மாஸ்டரை எடுக்கும் அதே நாளில் குரல் இல்லாத இசைக்கோப்பையும், கோரஸ் குரலை மட்டும் வைத்த இசைக்கோப்பையும், ஒவ்வொரு ட்ராக்கையும் தனித்தனியாகவும் எடுத்து இரண்டு வெவ்வேறு ஹார்ட் டிஸ்க்கில் போடுங்கள். பாட்டுப் பிடித்துப்போனால் அடுத்த மாதமே கோயில் வீதியிலோ கலியாண வீட்டிலோ மேடைக்குக் கூப்பிடுவார்கள். அப்போது அந்த லப்டொப் பழுதாகியிருந்தாலும் மேடையில் பாட இசை கையில் இருக்கும்.